மசாலாத்தூள் சைட்டுக்கு வந்த வக்கீல் மெயில்: டொமைனை உடனே குடுத்துடாதீங்க

தம்பி, சிங்கப்பூர் ஈசூன்ல வீட்டுல இருந்தே மசாலாத்தூள் விக்கிற உங்க சின்ன சைட் பேரு பெரிய கம்பெனி பேரு மாதிரி இருக்குன்னு வக்கீல் மெயில் போட்டு, 7 நாள்ல டாட் காம் டொமைனைக் குடுன்னு கேக்குறாங்க, அதானே? அந்த 7 நாள் அவங்களா போட்ட கெடு, கோர்ட்டு போட்டது இல்ல. அதுக்காக கண்டுக்காமலும் விட்றாதீங்க.

முக்கியமா, கோவத்துல "இவ்ளோ காசு குடு, தர்றேன்"னு மட்டும் எழுதிடாதீங்க லா. 2004ல கனடாவுல மைக் ரோங்கிற பள்ளிக்கூடப் பையன் மைக்ரோசாஃப்ட் மாதிரியே ஒலிக்கிற டொமைன் வச்சிருந்தான், அவங்க 10 டாலர் தர்றோம்னாங்க, இவன் கடுப்புல 10,000 கேட்டான், உடனே அதையே கெட்ட எண்ணத்துக்கு ஆதாரம்னு திருப்பிட்டாங்க.

டாட் காம்னா அவங்க வைப்போ (WIPO, உலக அறிவுசார் சொத்து அமைப்பு) கிட்ட டொமைன் புகார் குடுக்கலாம், ஃபீஸ் பெரும்பாலும் அவங்கதான் கட்டணும், நீங்க பதில் சொல்ல 20 நாள் இருக்கு. ஆனா பேரு குழப்புது, உங்களுக்கு அதுல உரிமை இல்ல, கெட்ட எண்ணத்தோட வாங்கி யூஸ் பண்றீங்க, இந்த மூணையும் அவங்க நிரூபிக்கணும், ஒண்ணு உடைஞ்சாலும் கேஸ் நிக்காது. அதனால டொமைன் வாங்குன ரசீது, அக்ரா (ACRA, கம்பெனி பதியிற அரசு அமைப்பு) பதிவு, பழைய ஆர்டர் பில்லு, எல்லாத்தையும் தேதியோட எடுத்து வைங்க.

அப்புறம் ஐபாஸ் (IPOS, சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகம்) சைட்ல அவங்க டிரேட்மார்க்கைத் தேடிப் பாருங்க, ஃப்ரீதான். டிரேட்மார்க்கை எந்தப் பொருளுக்கு, சேவைக்குன்னு கிளாஸ் பிரிச்சுதான் பதிவாங்க, மொத்தம் 45 கிளாஸ், மசாலா 30ல வரும். அவங்க எந்த கிளாஸ்ல, எந்த வருஷம் பதிஞ்சாங்க? அதுக்கு முன்னாடியே நீங்க விக்க ஆரம்பிச்சிருந்தா கை ஓங்கும். ஆனா அவங்களும் சாப்பாட்டு ஐட்டம்தான்னா, லோகோ கலரும் ஒத்துப்போச்சுன்னா, கஷ்டம்தான், நேரா ஐபி (டிரேட்மார்க் மாதிரி அறிவுசார் சொத்து) வக்கீலைப் பாருங்க.