கார் ஸ்பீக்கர் நாமளே மாத்தலாமா: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அண்ணா, என்னோடது ஸ்விஃப்ட். சவுண்ட் கூட்டினா கரகரங்குது. ஆன்லைன்ல 300 வாட்ஸ்னு போட்ட ஸ்பீக்கர் ஒண்ணு சல்லிசா வருது, வாங்கிடவா?

பதில்: அந்த 300ஐ மறந்துடுங்க தம்பி. டப்பால அது பெருசாதான் இருக்கும், பக்கத்துல பொடி எழுத்துல ஆர்எம்எஸ்னு ஒண்ணு இருக்கும் பாருங்க, விடாம ஓடும்போது தாங்கற பவர், அதுதான் நிஜம். உங்க ஸ்டீரியோ கதையும் அதேதான், 4x50 வாட்னு மூஞ்சிலயே எழுதியிருப்பான், ஆனா வண்டி ஓடும்போது கிடைக்கிறது 14.4 வோல்ட், ஸ்பீக்கரோட தடை 4 ஓம், இதுல ஒரு சொட்டு வீணாகாம போனாக்கூட ஒரு சேனலுக்கு சுமார் 26 வாட்தான் வரும், அதுவும் பேப்பர்ல, கைக்கு வர்றது 15லேர்ந்து 20. கரகரங்கறது பாதி நேரம் ஸ்பீக்கர் கிழிஞ்சதால இல்ல, ஸ்டீரியோக்குள்ள இருக்கற குட்டி ஆம்ப் (சத்தத்த பெருசாக்கற பாகம்) அதுக்கு மேல முடியாம முட்டி நிக்கறதால. அதனால வாட்ஸ பாக்காம சென்சிட்டிவிட்டிய, அதாவது அதே பவருக்கு எவ்வளவு சத்தம் வருதுங்கறத பாருங்க. 92 டெசிபல் போட்டது ஒண்ணு, 89 போட்டது ஒண்ணுன்னா அந்த 3 டெசிபலுக்கு ரெண்டாவதுக்கு ரெட்டிப்பு பவர் வேணும், அது உங்க ஸ்டீரியோகிட்ட இல்ல.

கேள்வி: கோஆக்சியல், கம்போனென்ட் ரெண்டுல எது ப்ரோ?

பதில்: கீச்சு சத்தத்துக்கான குட்டி ஸ்பீக்கர்தான் ட்வீட்டர், கோஆக்சியல்ல அது பெரிய ஸ்பீக்கர்லயே சேர்ந்திருக்கும், கம்போனென்ட்ல தனியா வரும். ட்வீட்டர் வைக்க கண்ணாடி பக்கத்துலயோ பில்லர்லயோ கம்பெனி ஏற்கனவே இடம் விட்டிருந்தா முன்னாடி கம்போனென்ட். ஸ்பீக்கர் முழங்காலுக்குக் கீழ கிடக்கு, அங்கேர்ந்து வர்ற பாட்டுக்காரங்க குரல் கால்மாட்டுலயே நிக்கும், ட்வீட்டர் மேல வந்தா குரல் டேஷ்போர்டுக்கு ஏறிடும். இடம் இல்லன்னா பில்லர ஓட்டை போடாதீங்க, நிறைய வண்டில அதுக்குள்ள கர்ட்டன் ஏர்பேக் போகுது. கோஆக்சியலே போதும்.

கேள்வி: என் கதவுல 6.5 இன்ச்தான், நேரா உக்காந்துடும்ல?

பதில்: அகலம் உக்காரும், ஆழம்தான் மாட்டிவிடும். கண்ணாடிய முழுசா இறக்கிட்டு, ஸ்பீக்கர் உக்கார்ற தகட்டுலேர்ந்து கண்ணாடி வரைக்கும் அளந்து பாருங்க, புது ஸ்பீக்கரோட ஆழம் போக அதுல கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கணும். கம்பெனி ஸ்பீக்கர் ஃப்ரேமோட சேர்ந்தே வரும், அதக் கழட்டினா புதுசுக்கு ஸ்பேசர் ரிங் வேணும். கடைல எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) ரிங் குடுப்பாங்க, வேண்டாம். கதவுக்குள்ள மழைத் தண்ணி இறங்கத்தான் செய்யும், ரெண்டு ஐப்பசி தாண்டினா அது ஊறி உப்பிடும். பிளாஸ்டிக் ரிங் வாங்குங்க.

கேள்வி: சார், நல்ல ஸ்பீக்கர்தான் போட்டேன், கம்பெனி ஸ்பீக்கர்ல வந்த பாஸ் கூட இப்ப வரல. ஏமாத்திட்டாங்களா?

பதில்: இத எத்தனை பேர் கேக்கறாங்க தெரியுமா. ஸ்பீக்கர குறை சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம்.

முதல்ல ப்ளஸ் மைனஸ். பேலன்ஸ் முழுசா இடது, முழுசா வலதுன்னு வச்சா ரெண்டுலயும் பாஸ் வருது, நடுவுல வச்சா காணாம போகுதுன்னா ஒரு பக்கம் ஒயர் மாறியிருக்கு, ஒண்ணு முன்னாடி வரும்போது இன்னொண்ணு பின்னாடி போய் ரெண்டும் ஒண்ணையொண்ணு அழிச்சிக்குது. சந்தேகம்னா ஸ்பீக்கர் ஒயர ஸ்டீரியோலேர்ந்து கழட்டிட்டு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரிய ஒரு நொடி தொட்டுப் பாருங்க, ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ் சரியா இருந்தா கோன் வெளிய வரும்.

அடுத்தது கதவு. வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருக்கு, காருக்கு கதவுதான் பெட்டி, அதுவும் ஊர்ப்பட்ட ஓட்டையோட. கோனுக்குப் பின்னாடி போற காத்து அந்த ஓட்டை வழியா முன்னாடி வந்து சேர்ந்தா பாஸ் அங்கயே செத்துடும். ரிங்குக்கும் தகட்டுக்கும் நடுவுல ஃபோம் டேப் ஒட்டுங்க, உள்தகட்டுல இருக்கற பெரிய ஓட்டைகள ப்யூட்டைல் டேம்பிங் ஷீட்டால (அதிர்வ அமுக்கற, ஒட்டற ரப்பர் ஷீட்) மூடுங்க, வெளித்தகட்டுல ஸ்பீக்கருக்கு நேர் பின்னாடி ஒரு துண்டு ஒட்டி ரோலரால நல்லா அழுத்துங்க. முழு கதவும் ஒட்டணும்னு இல்ல, தட்டினா டங்குன்னு கேக்கற இடம் டொக்குன்னு கேட்டா போதும். கதவோட அடில இருக்கற தண்ணி வடியற ஓட்டைய மட்டும் மூடவே கூடாது, மூடினா துரு பிடிக்கும். என் கைல 8000 ரூபா இருந்தா 5000த்துக்கு ஸ்பீக்கர், 3000த்துக்கு ஷீட்டுன்னுதான் போவேன், 8000 ரூபா ஸ்பீக்கர வெறும் தகட்டுல மாட்ட மாட்டேன்.

கேள்வி: ஒயர வெட்டினா வாரண்டி போயிடுமாண்ணா?

பதில்: வெட்டாதீங்க, அவ்வளவுதான். உங்க வண்டிக்குன்னே கப்ளர் (கம்பெனி ஒயர்ல அப்படியே சொருகற கனெக்டர்) விக்கறாங்க, சென்னைல ஜிபி ரோடு பக்கம் போனா பிராண்ட் சொன்னாலே எடுத்துக் குடுப்பாங்க. கதவு பேட் கழட்டும்போது கைப்பிடிக்குள்ள மூடி போட்டு மறைச்ச ஸ்க்ரூவ முதல்ல தேடுங்க, அத விட்டுட்டு இழுத்துதான் எல்லாரும் பேட உடைக்கறாங்க. கிளிப் நாலஞ்சு உபரியா வாங்கி வச்சிக்கங்க. பேட்டரி மைனஸ கழட்டிட்டு கொஞ்ச நேரம் விட்டு ஆரம்பிங்க, சில வண்டில பக்கவாட்டு ஏர்பேக்குக்கான பிரஷர் சென்சார் கதவுக்குள்ளயே இருக்கும், அத கழட்டவும் வேண்டாம் அதுமேல ஷீட் ஒட்டவும் வேண்டாம். அப்படிப்பட்ட கதவுல ஓட்டைய மூடறதுக்கு முன்னாடி சர்வீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, காத்தழுத்தத்த வச்சுதான் அது இடிய கண்டுபிடிக்குது.

கேள்வி: ஆம்ப் இல்லாம ஸ்பீக்கர் மாத்தறது வேஸ்ட்னு கடைக்காரர் சொல்றார், நிஜமா தம்பி?

பதில்: அவருக்கு ஆம்ப் விக்கணும்ல அக்கா. மொதல்ல ஸ்பீக்கரும் ஷீட்டும் போட்டு ஒரு மாசம் கேளுங்க, பத்தலன்னு தோணினா அப்புறம் 4 சேனல் ஆம்ப், ஹை லெவல் இன்புட் (ஸ்டீரியோவோட ஸ்பீக்கர் ஒயரையே நேரா வாங்கிக்கற வசதி) உள்ளதா வாங்கினா கம்பெனி ஸ்டீரியோவ மாத்தவே வேண்டாம். அப்ப ஒண்ணே ஒண்ணுல கறாரா நில்லுங்க: பேட்டரிலேர்ந்து வர்ற பவர் ஒயர்ல ஃபியூஸ் பேட்டரிகிட்டயே, ஒரு முழத்துக்குள்ள இருக்கணும். ஆம்ப் பக்கத்துல ஃபியூஸ் போட்டா ஆம்ப காப்பாத்தும், நடுவுல ஒயர் உரசி பாடில பட்டா வண்டிய யாரு காப்பாத்தறது?

கேள்வி: கம்பெனிலயே போஸ் சிஸ்டம். அதையும் மாத்தலாமா?

பதில்: விட்டுடுங்கன்னுதான் சொல்வேன். அந்த மாதிரி சிஸ்டம்ல தனி ஆம்ப் இருக்கும், ஸ்பீக்கர் பல வண்டில 2 ஓம், அதுக்குக் கீழயும் உண்டு. அங்க 4 ஓம் மாட்டினா சத்தம் இறங்கிடும், ஈக்வலைசரும் பழைய ஸ்பீக்கருக்குன்னு செட் பண்ணது, காசு செலவழிச்சு மோசமாக்கிக்கிட்ட மாதிரி ஆயிடும்.

கேள்வி: பின்கதவு ஸ்பீக்கரும் மாத்தணுமா?

பதில்: பின்னாடி உக்கார்றவங்க கேட்டா மாத்துங்க. முன்னாடி ரெண்டு பேர் மட்டும் போற வண்டின்னா பழசே இருக்கட்டும், ஃபேடர (முன்பக்கம் பின்பக்கம் சத்தத்த பிரிக்கற செட்டிங்) கொஞ்சம் முன்னாடி தள்ளிக்கங்க.