முட்டையை நிறுத்த வேண்டாம், தோலைக் கவனியுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 20 மாதம் ஆகிறது. கைக்குழந்தையாக இருந்தபோது கன்னம் சொரசொரப்பாக இருந்தது. இப்போது முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்புறமும் தோல் கறுத்துத் தடித்திருக்கிறது. இரவில் சொறிகிறான். கரப்பான் என்று சொல்லி என் மாமியார் ஒரு மாதமாக முட்டை, மீன், கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். பாலையும் குறைத்துவிட்டோம். பலன் இல்லை. சோப்புக்குப் பதிலாகக் கடலை மாவு தேய்த்துக் குளிப்பாட்டுகிறோம். மருந்துக் கடையில் கொடுத்த களிம்பு போட்டால் நான்கு நாளில் மறைகிறது, விட்டால் திரும்ப வருகிறது. ரத்தப் பரிசோதனையில் ஐஜிஇ அதிகம் என்கிறார்கள். என் கணவருக்குச் சிறுவயதில் ஆஸ்துமா உண்டு. இது எதனால் வருகிறது? முழுவதும் குணமாகுமா? இந்த நிலையில் தடுப்பூசி போடலாமா?
- வாசகி, மதுரை

பதில்: முட்டையும் மீனும் பாலும் உங்கள் மகனின் தட்டுக்குத் திரும்ப வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். வளரும் வயதில் இவ்வளவு புரதத்தை நிறுத்தியும் தோல் மாறவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குற்றவாளி உணவு இல்லை என்பதற்கு அதுவே நல்ல சான்று.

நீங்கள் விவரிப்பது அடோபிக் எக்ஸிமா என்ற தோல் அழற்சியின் லேசான வடிவம்போலத் தெரிகிறது. முதல் வயதில் கன்னத்தில் தொடங்கி, நடக்கும் பருவத்தில் முழங்கை, முழங்கால் மடிப்புகளுக்கு இறங்குவது இதன் வழக்கமான பாதை. தந்தையின் ஆஸ்துமாவும் அதோடு பொருந்துகிறது. நம் நிறத்துக்கு எக்ஸிமா சிவப்பாகத் தெரியாது. கறுத்து, சாம்பல் பூத்து, விரலால் தடவினால் மணல் தட்டுவதுபோல் இருக்கும். பாடப் புத்தகப் படங்களில் உள்ள சிவந்த தோலைத் தேடுகிறவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

காரணம் கேட்டிருக்கிறீர்கள். தோலின் மேலடுக்கு ஈரத்தை உள்ளே பிடித்துவைத்து, வெளிப்பொருள்களை உள்ளே விடாமல் தடுக்கிறது. அதற்கு உதவும் புரதங்களில் ஒன்று ஃபிலாக்ரின். அதற்கான மரபணுவில் குறை உள்ளவர்களுக்கு எக்ஸிமா வரும் வாய்ப்பு கூடுதல் என்பது 2006-ல் தெரியவந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் அந்தக் குறைதான் என்று சொல்ல முடியாது. ஆனால் பிறவியிலேயே தோலின் காப்பு பலவீனமாக இருப்பதும், நோய் எதிர்ப்பு அமைப்பு எளிதில் கிளர்ந்தெழுவதும் சேர்ந்துதான் இந்த நோய். ஓடு விலகிய கூரை வழியே வெயிலும் இறங்கும், மழையும் இறங்கும். எந்த மழையால் வீடு நனைந்தது என்று விசாரிப்பதைவிட ஓட்டைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. வியர்வை, சோப்பு, உமிழ்நீர், தூசி, உரசும் துணி எல்லாம் நோயைத் தூண்டுபவை. நோயை உண்டாக்கியவை அல்ல.

உணவு சில குழந்தைகளுக்குத் தூண்டுதலாக இருப்பது உண்மை. பெரும்பாலும் அவர்கள் கடுமையான எக்ஸிமா உள்ளவர்கள், அல்லது குறிப்பிட்ட ஒன்றைச் சாப்பிட்ட சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள், உடம்பெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி என்று காட்டுபவர்கள். உங்கள் மகனுக்கு அப்படி எதுவும் நடந்ததாக நீங்கள் எழுதவில்லை. ரத்தத்தில் ஐஜிஇ (ஒவ்வாமையில் பங்குள்ள எதிர்ப்பொருள்) மொத்த அளவு அதிகமாக இருப்பது எக்ஸிமா உள்ள குழந்தைகளிடம் சாதாரணம். எந்த உணவு ஆகாது என்பதை அந்த எண் சொல்லாது. தனித்தனி உணவுகளுக்கான பரிசோதனையிலும், சிக்கலின்றிச் சாப்பிடும் பொருளுக்கே 'பாசிட்டிவ்' வருவது அடிக்கடி நடக்கும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு சமையலறையைக் காலிசெய்ய வேண்டாம்.

நான் கவலைப்படுவது கடலை மாவைப் பற்றி. உணவுப் புரதம் வாய் வழியே போகும்போது உடல் அதைப் பழகிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். வெடித்த தோல் வழியே நுழையும்போது அதையே எதிரியாக அடையாளம் காணும் வாய்ப்பு அதிகம். 2015-ல் வெளியான லண்டன் ஆய்வில், கடுமையான எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே வேர்க்கடலை உணவைக் கொடுத்துவந்தார்கள். ஐந்து வயதில் பார்த்தபோது, கொடுக்காமல் தவிர்த்தவர்களைவிட இவர்களுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை மிகக் குறைவாக இருந்தது. முட்டையை வாயில் நிறுத்திவிட்டுப் பருப்பு மாவைப் புண்பட்ட தோலில் தேய்ப்பது நேர் எதிரான செயல். போதாததற்கு மாவு சொரசொரப்பானது, தோலில் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும். பயத்த மாவு, நலங்கு மாவு, சீயக்காய் எல்லாவற்றையும் தோல் சரியாகும்வரை எடுத்துவையுங்கள்.

உங்கள் மகன் முன்பு முட்டையைச் சிக்கலின்றிச் சாப்பிட்டவன் என்றால், நன்றாக வேகவைத்ததில் ஒரு சிறு துண்டைப் பகலில் கொடுத்து இரண்டு மணி நேரம் கவனியுங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் மறுநாள் கொஞ்சம் கூட்டுங்கள். முன்பு எப்போதாவது தடிப்போ வீக்கமோ வந்திருந்தால் இதை வீட்டில் செய்யாமல் மருத்துவர் முன்னிலையில் செய்ய வேண்டும். கத்தரிக்காயைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மாமியாரிடம் இதைச் சொல்லும்போது, குழந்தை மீதுள்ள அக்கறையில்தான் அவர் நிறுத்தினார் என்பதை நினைவில் வைத்துச் சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துச் செல்வது இன்னும் நல்லது.

இனி தோல். தினம் ஒரு முறை, வெதுவெதுப்பான நீரில், ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குளியல். ஆவி பறக்கும் வெந்நீர் கூடாது. வாசனையில்லாத, சோப்புத்தன்மை இல்லாத குளியல் திரவத்தை அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகியவற்றுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். துவட்டும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரம் முழுதும் காய்வதற்குள், சுமார் மூன்று நிமிடத்தில், ஈரப்பதக் களிம்பைப் பூசிவிட வேண்டும். தடித்த இடத்தில் மட்டும் அல்ல, உடம்பு முழுவதும், முடி வளரும் திசையில் இழுத்தபடி. மாலையில் இன்னொரு முறை.

பெரும்பாலான வீடுகளில் வைத்தியம் தோற்பது இந்த இடத்தில்தான். பட்டாணி அளவு எடுத்து இரண்டு மடிப்பிலும் தொட்டுவைப்பார்கள். இந்த வயதுக் குழந்தைக்கு வாரம் 100 கிராமுக்குக் குறையாமல் செலவாக வேண்டும். ஒரு சிறு டியூப் இரண்டு மாதம் வருகிறது என்றால் அது வைத்தியம் ஆகவில்லை. விலையுயர்ந்ததாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. வாசனை சேர்க்காத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி நன்றாகவே வேலை செய்யும். மதுரை வெயிலில் அது பிசுபிசுத்து வேர்க்குரு வரலாம் என்பதால், பகலில் இலேசான கிரீம், இரவில் ஜெல்லி என்று பிரித்துக்கொள்ளலாம். சுத்தமான தேங்காய் எண்ணெயும் உதவும். கடுகு எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் வேண்டாம். ஒரு எச்சரிக்கை: ஜெல்லி ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும், அடுப்பு, விளக்குக்கு அருகே குழந்தையை விட வேண்டாம்.

மருந்துக் கடைக் களிம்பின் டியூபைத் திருப்பி, சேர்மானத்தைப் படியுங்கள். குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன் என்ற வீரியமான ஸ்டீராய்டுகளின் பெயர்கள் இருந்தால், அதுவும் பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் ஆகியவற்றோடு கலந்திருந்தால், அது இந்த வயதுக் குழந்தையின் மடிப்புகளுக்கு உரியதல்ல. பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே விதித்திருக்கிறது. இன்னும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பது வேதனை.

அதற்காக ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டே அஞ்ச வேண்டாம். லேசான எக்ஸிமா கிளம்பும்போது 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன் போன்ற மென்மையான வகையை, மருத்துவர் சொல்லும்படி தினம் ஒன்று அல்லது இரண்டு முறை, தோல் வழுவழுப்பாகும்வரை பூசுவதில் ஆபத்து இல்லை. பெரும்பாலும் ஒரு வாரம் போதும். உங்கள் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கும் களிம்பு ஏறக்குறைய அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து உங்கள் இரண்டு உள்ளங்கை அளவுள்ள தோலுக்குப் போதும். பயந்து பயந்து இரண்டு நாள் பூசி நிறுத்தினால் அழற்சி அடங்காமல் திரும்ப வரும், மொத்தத்தில் மருந்து அதிகமாகத்தான் செலவாகும். ஈரப்பதக் களிம்புக்கும் இதற்கும் சுமார் இருபது நிமிட இடைவெளி விடுங்கள். ஆறிய இடம் சில மாதம் வெளிறித் தெரியலாம். மருந்தும் தோலை வெளுக்கவில்லை, வெண்புள்ளியும் இல்லை. நிறம் தானாகத் திரும்பும்.

தூண்டுதலைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த நாள் அரிப்பு கூடியது, அன்று என்ன மாறியது: மின்விசிறி இல்லாத மதியமா, புதிய சலவைத்தூளா, விசேஷத்துக்குப் போட்ட பாலியஸ்டர் சட்டையா, சளிக்காய்ச்சலா. இடுப்பைச் சுற்றி மட்டும் தடித்தால் ஈரம் உலராத அரைஞாண் கயிற்றைப் பாருங்கள், வாயைச் சுற்றி என்றால் உமிழ்நீரைப் பாருங்கள். கடின நீர் எனப்படும் உப்புத் தண்ணீருக்கும் எக்ஸிமாவுக்கும் தொடர்பு காணப்பட்டாலும், நீரை மென்மையாக்கும் கருவி வைத்துச் செய்த ஆய்வில் குழந்தைகளுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. அந்தப் பணத்தைக் களிம்புக்குச் செலவிடுங்கள்.

வீட்டில் வேறு யாருக்காவது இரவில் அரிப்பு இருக்கிறதா? குழந்தையின் விரலிடுக்கிலோ, அக்குளிலோ, உள்ளங்காலிலோ பொரிகள் உண்டா? இருந்தால் அது சிரங்காக இருக்கலாம். வைத்தியமே வேறு, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். வளையமாக விளிம்பு தடித்துப் பரவினால் படர்தாமரை. ஆகவே ஒரு முறை தோல் மருத்துவரோ குழந்தை மருத்துவரோ நேரில் பார்ப்பது அவசியம். தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினால், நீர் கசிந்தால் அடுத்த நாளே போங்கள். காய்ச்சலோடு ஒரே அளவிலான சிறு கொப்புளங்கள் கூட்டமாக வந்து, குத்தியதுபோல் புண்ணானால் அன்றே மருத்துவமனைக்கு. அது ஹெர்பீஸ் வைரஸாக இருக்கலாம், தாமதிக்கக் கூடாது.

குணமாகுமா என்றால், பெரும்பாலான குழந்தைகளுக்குப் பள்ளி வயதுக்குள் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. சிலருக்குத் தோல் வறட்சி நீடிக்கும். தழும்பு இன்றி, தூக்கம் கெடாமல் அந்த வயதைத் தாண்டவைப்பதுதான் நம் வேலை, அது முழுக்க முடியக்கூடியது. நகத்தை வாரம் ஒரு முறை வெட்டுங்கள்.

தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம். 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊசியின் ஊக்கத் தவணையும் போட வேண்டும். லேசான எக்ஸிமா அதற்குத் தடை இல்லை. போடாமல் இருந்தால் இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். அழற்சி உள்ள இடத்தைத் தவிர்த்து ஊசி போடும்படி செவிலியரிடம் சொன்னால் போதும்.