அட்டைப் பெட்டியில் கொலு மரம்: கேட்டதும் சொன்னதும்

நவராத்திரிக்கு இன்னும் மூன்று வாரம்தான். கொலுப் படிக்குப் பக்கத்தில் பூங்கா வைக்கிறவர்கள், பழைய அட்டைப் பெட்டியில் மரம் செய்வது பற்றிக் கேட்டவற்றுக்கு என் கைப்பழக்கத்திலிருந்து பதில்கள்.

அக்கா, போன வருஷம் பார்சல் அட்டையில் வெட்டிய மரம் மூன்றாம் நாளே இடுப்பு ஒடிந்து சாய்ந்துவிட்டது. பசை போதவில்லையா?

பசை மேல் பழி போடாதீர்கள். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். இரண்டு தாளுக்கு நடுவே நெளி நெளியாக ஒரு தாள் ஓடும். அந்த நெளி மேலிருந்து கீழாக ஓடினால் வரிசையாகக் குழாய்களை நட்டுவைத்த மாதிரி, பாரம் தாங்கும். குறுக்கே ஓடினால் ஒவ்வொரு நெளியும் ஒரு மடிப்பு, அங்கேதான் ஒடியும். நெளி பார்த்து ஒரே அளவில் இரண்டு மரம் வெட்டுங்கள். ஒன்றில் உச்சியிலிருந்து பாதிவரை, மற்றதில் அடியிலிருந்து பாதிவரை, அட்டையின் கனத்துக்குப் பிளவு வெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகினால் பசையே இல்லாமல் நிற்கும்.

தென்னை மரத்துக்கு அந்த வளையம் வளையமான தண்டு எப்படி?

எனக்குப் பிடித்த கேள்வி! நெளி அட்டையை உருட்டினால் கோடுகள் நெடுக்காகத்தான் வரும். அது வேம்புக்கும் புளிக்கும் சரி, தென்னைக்கு ஆகாது. பற்பசை டப்பா மாதிரி மெல்லிய அட்டையை அரை அங்குல நாடாவாக வெட்டுங்கள். கட்டுக்கம்பி மூன்று இழையை முறுக்கி, அடியிலிருந்து பசை தடவிய நாடாவைச் சாய்வாகச் சுற்றுங்கள், ஒவ்வொரு சுற்றும் முந்தினதில் பாதியை மூடட்டும். அந்த ஓரங்கள்தான் மட்டை விழுந்த வடு. அடியில் இரண்டு சுற்று கூடுதலாகப் போட்டால் தூர் பருத்துத் தெரியும். காய்ந்தபின் கம்பியோடு லேசாக வளையுங்கள், நேராக நிற்கிற தென்னை விளக்குக் கம்பம் மாதிரி இருக்கும். ஓலைக்கு நீள இலையாக வெட்டி, நடுவே மடித்து, இரண்டு பக்கமும் சாய்வாகக் கத்தரியுங்கள். பத்துப் பன்னிரண்டு போதும். அதில் ஒன்று பழுப்பாகத் தொங்கட்டும். அந்தக் காய்ந்த மட்டைதான் மரத்துக்கு உயிர் தரும்.

எவ்வளவு உயரம் வைக்கலாம்?

கணக்குப் பார்த்தால் வம்பு. நாலங்குலச் செட்டியார் பொம்மை ஐந்தரை அடி ஆள் என்றால், அறுபதடித் தென்னை 43 அங்குலத்துக்கு மேல் வரும், படியையே மறைக்கும். 12 முதல் 14 அங்குலம் போதும். உயரமான மரங்களைப் பின்னால் வையுங்கள்.

பெயிண்ட் அடித்ததும் அட்டை சுருண்டுகொள்கிறது அண்ணி.

ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடிப்பதால் வருவது. ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர் கலந்து இரு பக்கமும் பூசி, முழுக்க உலர்ந்தபின் வண்ணம் அடியுங்கள். பீட்சா டப்பா மட்டும் வேண்டாம், எண்ணெய் பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாது.

தட்டில் கேழ்வரகு முளைக்கவிடுவோம். ஈரத்தில் மரத்தின் அடி ஊறிவிடுகிறதே?

மரத்தைத் தண்ணீர் பாட்டில் மூடியில் நட்டு, சுற்றி எம்-சீல் (பிசைந்து அடைக்கிற புட்டி) அடைத்து, மூடியோடு மண்ணில் வையுங்கள். அடி இரண்டு அங்குலத்தை உருக்கிய மெழுகில் முக்கினாலும் சரி.

பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடச் சொல்கிறார் பாட்டி. போடலாமா?

புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் வழக்கம் அது, பாட்டி சும்மா சொல்லவில்லை. ஆனால் மயில்துத்தம் விஷம். பொம்மையைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை வாயில் வைக்கிற வயசுக் குழந்தைகள் வருகிற வீட்டில் வேண்டாம். பூச்சியைக் கூப்பிடுவதே மைதாதான், ஃபெவிகாலுக்கு மாறிவிடுங்கள்.

மண்ணுக்குப் பதில் டீத்தூள் தூவலாமா?

தாராளமாக. வடிகட்டிய தூளை இரண்டு நாள் நல்ல வெயிலில் மொறுமொறுவெனக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். சர்க்கரை போட்டுக் கொதித்த தூள் கூடவே கூடாது, வெற்றிலை பாக்குக்கு முதலில் எறும்பு வந்து நிற்கும்.