ஈஸ்ட் ஹாமா, இல்ஃபோர்டா: எங்கே வீடு வாங்குவது?

கேள்வி: நானும் கணவரும் கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒன்பது ஆண்டுகளாக வாடகை வீட்டில் இருக்கிறோம். ஆறு வயதிலும் இரண்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். இருவரின் ஆண்டு வருமானம் சேர்த்து 84,000 பவுண்ட். கையில் 80,000 பவுண்ட் சேமிப்பு. அதில் ஒரு பகுதி எங்கள் இருவரின் லைஃப்டைம் ஐசா கணக்குகளில் (முதல் வீட்டுக்குச் சேமிப்போருக்கு அரசும் பணம் சேர்க்கும் கணக்கு) இருக்கிறது. இங்கேயே நியூஹாம் கவுன்சிலுக்குள் வாங்கலாம் என்கிறார் கணவர். பக்கத்து ரெட்பிரிட்ஜ் கவுன்சிலில் உள்ள இல்ஃபோர்ட், செவன் கிங்ஸ் பக்கம் போனால் சூழலும் பள்ளிகளும் நன்றாக இருக்கும், விலையும் ஏறும் என்கிறார்கள் உறவினர்கள். இரு கவுன்சில்களின் மக்கள்தொகையையும் வீட்டு நிலவரத்தையும் ஒப்பிட்டு எது எங்களுக்கு ஏற்றது என்று சொல்வீர்களா? யாழ்ப்பாணத்தில் எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வீடு ஒன்று உண்டு. அதில் இப்போது அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்கள்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் கேட்ட ஒப்பீட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகள்தான், எந்தக் கவுன்சில் என்பதைவிட உங்கள் பணத்தை அதிகம் பாதிக்கப்போகின்றன.

2021 குடிசனக் கணக்கெடுப்பின்படி நியூஹாமில் சுமார் 3,51,000 பேர், ரெட்பிரிட்ஜில் சுமார் 3,10,000 பேர் வாழ்ந்தார்கள். பத்து ஆண்டுகளில் நியூஹாம் 14 சதவீதமும் ரெட்பிரிட்ஜ் 11 சதவீதமும் வளர்ந்தன. லண்டன் முழுவதும் வளர்ந்தது 7.7 சதவீதம்தான். இரண்டும் நெருக்கமாகிவரும் இடங்கள், ஆனால் வளர்ந்த விதம் வேறு. நியூஹாமின் வளர்ச்சியில் பெரும்பங்கு 2012 ஒலிம்பிக்குக்குப் பிறகு ஸ்ட்ராட்ஃபோர்டிலும் ராயல் டாக்ஸ் பக்கமும் எழுந்த அடுக்குமாடிகளுக்கு உரியது. அங்கே வருவோர் பெரும்பாலும் இளைஞர்கள், பலர் சில ஆண்டுகளில் வேறிடம் போய்விடுகிறார்கள். ரெட்பிரிட்ஜில் பிள்ளைகளோடு நிலைத்துவிட்ட குடும்பங்கள் அதிகம். தங்களை ஆசியர் என்று பதிந்துகொண்டவர்களின் பங்கு அங்கே 41.8 சதவீதத்திலிருந்து 47.3 ஆக உயர்ந்தது. அதே காலத்தில் நியூஹாமில் அது 43.5 இலிருந்து 42.2 ஆகக் குறைந்தது. ஈஸ்ட் ஹாமில் வாடகைக்குத் தொடங்கி, பணம் சேர்ந்ததும் ரோடிங் ஆற்றைக் கடந்து இல்ஃபோர்டில் வாங்கும் பாதையை நம்மவர்கள் நன்றாக அறிவார்கள். உறவினர்களின் அறிவுரையும் அந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான்.

வீட்டு உரிமையில்தான் பெரிய வேறுபாடு. நியூஹாமில் ஏறத்தாழ மூன்றில் ஒரு குடும்பமே சொந்த வீட்டில் இருக்கிறது. அதைவிடச் சற்று அதிகமானோர் தனியார் வாடகையில் இருக்கிறார்கள். மற்றவர்கள் கவுன்சில் வீடுகளிலும் வீட்டுச் சங்க வீடுகளிலும் வாழ்கிறார்கள். ரெட்பிரிட்ஜில் பத்துக்கு ஆறு அளவில் சொந்த வீடு. அங்கே கவுன்சில் வீடுகள் லண்டனிலேயே மிகக் குறைவான இடங்களில் ஒன்று. வாடகை வீடுகளின் நிலை நியூஹாமில் எவ்வளவு பெரிய பிரச்சினையாக இருந்தது என்பதற்கு ஒரு சான்று: வீட்டை வாடகைக்கு விடுவோர் அனைவரும் உரிமம் பெற வேண்டும் என்று பகுதி முழுவதற்கும் விதித்த முதல் கவுன்சில் அதுதான், 2013 இல். இங்கிலாந்தில் வீடற்றோருக்குக் கவுன்சில் தரும் தற்காலிகத் தங்குமிடங்களில் வாழும் குடும்பங்களின் விகிதமும் அங்கேதான் மிக அதிகம். அந்தச் செலவு கவுன்சிலின் கருவூலத்தை நெருக்குகிறது. 2025-26 இல் நியூஹாம் தன் கவுன்சில் வரியை 8.99 சதவீதம் உயர்த்தியதற்கு அது முக்கியமான காரணம். அதற்குப் பிறகும் ஒரே வரிப் பிரிவில் உள்ள வீட்டுக்கு ரெட்பிரிட்ஜில் கட்டும் வரி கூடுதல்தான். ஆகவே கவுன்சில் வரியை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

விலைக்கு வருவோம். சராசரி விலை நியூஹாமில் நான்கு லட்சம் பவுண்டைச் சற்றே தாண்டியும் ரெட்பிரிட்ஜில் ஐந்து லட்சத்தை நெருங்கியும் இருக்கிறது. இந்த இடைவெளியைப் பார்த்து ரெட்பிரிட்ஜ் அவ்வளவு உயர்ந்த இடம் என்று நினைத்துவிடாதீர்கள். நியூஹாம் சராசரியைக் கீழே இழுப்பவை அதன் பிளாட்டுகள். ரெட்பிரிட்ஜ் சராசரியை மேலே தூக்குபவை வான்ஸ்டெட், உட்ஃபோர்ட் பக்கத்துப் பெரிய வீடுகள். நியூஹாமின் ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் தெருவீட்டையும் (ஒட்டியொட்டி வரிசையாக நிற்கும் வீடு) தெற்கு இல்ஃபோர்ட் தெருவீட்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டால் இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும். இரு பக்கமும் நூறு ஆண்டுகளுக்கு முந்தைய அதே வகைக் கட்டடங்கள்தான். நடுவில் ஓடுவது ஆறும் நார்த் சர்க்குலர் சாலையும். லிட்டில் இல்ஃபோர்ட் என்ற பகுதியே நியூஹாமுக்குள்தானே இருக்கிறது! மேனர் பார்க், இல்ஃபோர்ட், செவன் கிங்ஸ் மூன்று நிலையங்களிலும் எலிசபெத் லைன் நிற்கிறது. அந்தப் பாதை 2022 இல் திறக்கப்பட்டது. அது வரப்போகிறது என்பதை எல்லோரும் அதற்கு முன்பே ஆண்டுக்கணக்காக அறிந்திருந்தார்கள். எனவே அதன் பயன் விலையில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. ‘ரயில் வந்துவிட்டது, இனி ஏறும்’ என்று முகவர் சொன்னால் அதற்காக ஒரு பவுண்டும் கூட்டித் தராதீர்கள்.

பள்ளிகளைப் பொறுத்தவரை, ரெட்பிரிட்ஜில் ஆண்களுக்கு இல்ஃபோர்ட் கவுண்டி, பெண்களுக்கு உட்ஃபோர்ட் கவுண்டி என்று இரண்டு கிராமர் பள்ளிகள் இருப்பதால்தான் உறவினர்கள் அப்படிச் சொல்கிறார்கள். அங்கே இடம் கிடைப்பது நுழைவுத் தேர்வைப் பொறுத்தது. முகவரியும் கணக்கில் வரும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தத் தேர்வு இன்னும் தொலைவில் இருக்கிறது. ஈஸ்ட் ஹாமில் உள்ள பிராம்ப்டன் மேனர், ஆண்டுதோறும் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜுக்கு மாணவர்களை அனுப்பிப் பெயர் பெற்ற பள்ளி. பள்ளிக்காக மட்டும் நியூஹாமை விட்டு ஓட வேண்டியதில்லை.

இப்போது சீதன வீடு. முதல் வீடு வாங்குவோருக்கான முத்திரை வரிச் சலுகை, உலகில் எங்குமே இதுவரை வீடு வைத்திராதவர்களுக்கு மட்டும்தான் உரியது. யாழ்ப்பாணத்து வீட்டின் உறுதியில் (உரிமைப் பத்திரத்தில்) உங்கள் பெயர் இருந்தால் உங்களுக்கு அது கிடையாது. இன்னொன்று இதைவிடக் கடுமையானது. வாங்கும் நாளில் 40,000 பவுண்ட் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள வேறொரு வீடு உங்களுக்கு எந்த நாட்டில் இருந்தாலும், 5 சதவீதக் கூடுதல் வரி முழு விலைக்கும் விழும். கணவர் பெயரில் மட்டும் வாங்கினாலும் தப்ப முடியாது. சேர்ந்து வாழும் கணவன் மனைவியை வரித்துறை இதில் ஒருவராகவே பார்க்கிறது.

4,40,000 பவுண்டுக்கு ஒரு வீடு என்று வையுங்கள். சலுகை கிடைத்தால் வரி 7,000. சீதன வீட்டால் சலுகையும் போய்க் கூடுதல் வரியும் சேர்ந்தால் 34,000. வருமானத்தின் நாலரை மடங்கு கடன் கிடைக்கும் என்று கொண்டால் உங்களுக்கு 3,78,000 வரும். சொலிசிட்டர், அளவையாளர், குடிபெயரும் செலவு என 5,000 ஒதுக்கினால், சலுகையோடு நீங்கள் எட்டக்கூடிய உச்ச விலை சுமார் 4,45,000. சலுகை இல்லாமலும் கூடுதல் வரியோடும் சுமார் 4,20,000தான். மூன்று படுக்கையறைத் தெருவீடுகள் இரு பக்கமும் பெரும்பாலும் ஐந்து லட்சத்தை ஒட்டி நிற்கும்போது, இந்த 25,000 பவுண்ட் ஒரு அறையைத் தீர்மானிக்கக்கூடிய தொகை.

ஆகவே, வீடு பார்க்கப் போகும் முன் உறுதியின் மொழிபெயர்ப்பை முத்திரை வரியில் பழக்கமுள்ள ஒரு சொலிசிட்டரிடம் காட்டுங்கள். பெற்றோர் சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும்வரை வீட்டை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு எழுதியிருந்தால் கணக்கு மாறக்கூடும். உங்கள் பங்கின் இன்றைய மதிப்பை எழுத்தில் பெறுங்கள். லண்டனில் வாங்குமுன் அந்த வீட்டை விற்றாலோ உடன்பிறந்தவருக்கு எழுதிக் கொடுத்தாலோ கூடுதல் வரி விழாது. ஆனால் யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டப்படி உங்கள் கணவரின் எழுத்து மூலமான சம்மதமும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மாவும் அப்பாவும் அங்கே நிம்மதியாக இருக்கும் வழி கெடக் கூடாது. அவர்களோடு பேசாமல் எதையும் செய்யாதீர்கள். சீதன வீட்டை அப்படி மாற்றிய பிறகு கணவர் பெயரில் மட்டும் வாங்கினால் முதல் வீட்டுச் சலுகையும் கிடைக்கும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். 4,40,000 பவுண்ட் வீட்டில் அதனால் மிஞ்சுவது 5,000. அதற்காக, நீங்களும் உழைத்துக் கடன் கட்டப்போகும் வீட்டில் உங்கள் பெயர் இல்லாமல் போவதை நான் ஏற்கமாட்டேன்.

எந்தக் கவுன்சில் என்று என்னைக் கேட்டால், உங்கள் தொகைக்கு மேனர் பார்க்கிலோ ஈஸ்ட் ஹாமிலோ பின்புறம் சிறிது விரிவாக்க இடமுள்ள ஒரு சிறிய தெருவீட்டைத் தேடுவேன். அதே தொகைக்கு இல்ஃபோர்ட் நகர மையத்தின் புதிய அடுக்குமாடியில் பிளாட் காட்டினால் தயங்குவேன். பிளாட் என்றால் குத்தகைக் காலம் (இன்னும் எத்தனை ஆண்டுக்கு அது உங்களுடையது என்பது), பராமரிப்புக் கட்டணம், வெளிச்சுவரின் தீப்பாதுகாப்புச் சான்று என்று வேறொரு பட்டியல் திறக்கும். குத்தகை 80 ஆண்டுக்குக் கீழே போயிருந்தால் அதை நீட்டிக்க அதிகம் செலவாகும். செவன் கிங்ஸில் அதே விலைக்குத் தெருவீடு கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். எங்கே வாங்கினாலும் கடனை 30 ஆண்டுக்கு 4.5 சதவீதத்தில் மாதம் சுமார் 1,915 பவுண்ட் என்று மட்டும் பார்க்காமல், 6.5 ஆனால் சுமார் 2,390 என்பதையும் உங்களால் தாங்க முடியுமா என்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று, இதை இந்த வாரமே செய்யுங்கள். உங்கள் லைஃப்டைம் ஐசாவில் பணம் போடுவதை நிறுத்தி வையுங்கள். முன்பே வீடு வைத்திருந்தவர் அதை வீட்டுக்காக எடுக்க முடியாது. எடுத்தால் 25 சதவீதம் கழியும். அதாவது நீங்கள் போட்ட 4,000, அரசு சேர்த்த 1,000, ஆக 5,000 இருந்தால் கையில் வருவது 3,750. இல்லையென்றால் 60 வயதுவரை அங்கேயே இருக்கட்டும். கணவர் எங்கும் வீடு வைத்திருந்ததில்லை என்றால் அவர் கணக்கைத் தொடரலாம். கணக்குத் திறந்து 12 மாதம் ஆகியிருக்க வேண்டும், வீட்டின் விலை 4,50,000 பவுண்டைத் தாண்டக் கூடாது.