புகைப்படத்தைக் கெடுக்காமல் அதில் தேதியைப் பதிக்க என்ன வழி?

முதலில் ஒரு வேண்டுகோள். உங்கள் கேமராவிலோ போனிலோ 'டேட் ஸ்டாம்ப்' (படத்தின் மேலேயே தேதியை அச்சிடும் வசதி) ஆன் ஆகியிருந்தால் இப்போதே அணைத்துவிடுங்கள்.

எங்கள் ஆச்சியின் படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருக்கிறாள். அப்பா எடுத்தது. சில ஃபிலிம் கேமராக்களில் பின்மூடியிலேயே ஒரு குட்டிக் கடிகாரம் இருக்கும். படம் எடுக்கும்போதே அது ஃபிலிமில் வெளிச்சத்தால் தேதியை எழுதிவிடும், அந்த ஆரஞ்சு எண்கள் ஞாபகம் இருக்கும். 96 3 14 என்று அது விழுந்திருப்பது சரியாக ஆச்சியின் விரல்கள் மேல். காம்பு கிள்ளுகிற நகம் இருந்த இடத்தில் ஒரு 4. நெகட்டிவிலேயே பதிந்துவிட்டதால் எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் அந்த விரல் வராது.

தேதி தப்பாக விழுந்தால் இன்னும் கொடுமை. தங்கை வளைகாப்புக்கு முதல் நாள் டிஜிட்டல் கேமராவின் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். கடிகாரம் 2005 ஜனவரி 1-க்குப் போய்விட்டது, கவனிக்கவில்லை. 2011-இல் நடந்த வளைகாப்பு, எல்லாப் படத்திலும் 2005.

டிஜிட்டல் படத்துக்கு இந்த முத்திரை தேவையே இல்லை. எடுத்த நாளும் நேரமும் நொடி வரைக்கும் 'எக்ஸிஃப்' என்ற பகுதியில் கோப்புக்குள்ளேயே பதிவாகிறது. கணினியில் படத்தின் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து 'டீடெய்ல்ஸ்' பார்த்தால் தெரியும். கடிகாரம் தப்பாக ஓடியிருந்தாலும் 'எக்ஸிஃப்டூல்' என்ற இலவச நிரலில் எத்தனை வருடம், நாள், மணி வித்தியாசம் என்று கொடுத்தால் மொத்தப் படங்களையும் ஒரே அடியாக நகர்த்திவிடும், படத்தைத் தொடாமல். வளைகாப்புப் படங்களின் உள்தேதியை அப்படித்தான் சரிசெய்தேன். மேலே அச்சான 2005 மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்த உள்தேதி போய்விடும். கோப்புப் பெயரில் வருகிற எட்டு இலக்கத் தேதியையும் நம்பாதீர்கள், அது படம் எடுத்த நாள் அல்ல. சொந்தக்காரர்களிடம் 'டாக்குமெண்ட்டாக அனுப்புங்க' என்று கேட்டு வாங்குங்கள்.

சரி, பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் வைக்கவேண்டும், தேதி கண்ணுக்குத் தெரியவேண்டும் என்கிறீர்கள். நியாயம்தான். அசலை விட்டுவிட்டு ஒரு நகலில் செய்யுங்கள். ஜேபெக் (சுருக்கிச் சேமிக்கும் கோப்பு வகை) படத்தில் ஒரு மூலையில் எழுதிச் சேமித்தாலும் மொத்தப் படமும் மறுபடி சுருக்கப்படும், தரம் கொஞ்சம் குறையும். எழுதும் இடமும் படத்தின் மேல் வேண்டாம், வெளியே போதும்.

அதற்கான இடம் தானாகவே கிடைக்கிறது. போன் படம் பெரும்பாலும் 4:3 விகிதம். 4×6 அங்குலத் தாளோ 3:2. தாளை நிரப்பி அச்சிட்டால் மேலும் கீழும் கால் அங்குலம் வெட்டுப்படும். (மூலையில் போட்ட தேதி பாதியாக அறுபட்டு வருவது இதனால்தான்.) வெட்டாமல் முழுப் படத்தையும் வைத்தால் ஒரு பக்கம் வெள்ளைப் பட்டை மிஞ்சும். படம் திருத்தும் நிரலில், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 1800×1200 பிக்சல் வெள்ளைத் தாள் ஒன்றைத் திறந்து, அதில் படத்தை 1600×1200 ஆக இடது ஓரம் ஒட்டி வையுங்கள். வலப்பக்கம் 200 பிக்சல், அதாவது முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. நாள், மாதம், வருடம் என்று மூன்று வரியாகச் சாம்பல் நிறத்தில் எழுத அது தாராளம். நிற்கவைத்து எடுத்த படமென்றால் பட்டையைக் கீழே விடுங்கள், 'வளைகாப்பு, 12.6.2011' என்று ஒரே வரியில் அழகாக உட்காரும். விளிம்பை ஒட்டி எழுதாதீர்கள், மெஷின் ஓரத்தில் கொஞ்சம் தின்னும். நூற்றுக்கணக்கில் படம் இருந்தால் 'இமேஜ்மேஜிக்' என்ற நிரல் உள்தேதியைப் படித்து இதை மொத்தமாகச் செய்துதரும்.

ஸ்டூடியோவில் கொடுக்கும்போது 'க்ராப் பண்ணாம போடுங்கண்ணே' என்று சொல்ல மறக்காதீர்கள். இல்லாவிட்டால் வெள்ளைப் பட்டையைப் பார்த்ததும் வெட்டிவிடுவார்கள்.

பழைய பிரிண்டுகளின் முதுகில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதவேண்டாம், முன்பக்கம் முகத்தில் தடம் விழும். ஆச்சி படத்துக்கு நான் ஒரு துண்டுத் தாளில் தேதியும் ஊர்ப் பெயரும் எழுதி, ஆல்பத்தில் படத்துக்குக் கீழே செருகி வைத்திருக்கிறேன்.