வரலாற்று வியூக விளையாட்டில் எத்தனை நாகரிகங்கள் இருக்க வேண்டும்?

இங்கே நாகரிகம் என்றால் ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கும் தரப்பு: மங்கோலியர், பைசாந்தியர் என ஒவ்வொன்றுக்கும் தனிப் படை, தனிச் சலுகை.

என்னைக் கேட்டால், தொடக்கத்துக்கு 8 முதல் 13 வரை போதும். காரணம் சமநிலை: எந்தத் தரப்பும் மற்றதைவிட அதிக வலுவாகிவிடக் கூடாது. 8 நாகரிகங்களுக்குள் 28 விதமான மோதல்கள். 18 ஆனால் 153. கூட்டத்துக்குப் புதிதாக வருபவர் அங்கிருக்கும் அத்தனை பேரோடும் கைகுலுக்குவது போலத்தான். ஒவ்வொரு மோதலையும் யாராவது ஆடிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டுமே!

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' என்ற கணினி விளையாட்டு 1999இல் 13 நாகரிகங்களோடு வந்தது. அடுத்த ஆண்டே விரிவாக்கத்தில் 18 ஆனது. பெரும்பாலான படைகளும் கட்டடங்களும் அதில் பொதுவானவை, அதனால் தாங்கியது. 2021இல் வந்த நான்காம் பாகத்தில் மங்கோலியர் கட்டடங்களையே பெயர்த்துக்கொண்டு நகர்வார்கள். அது தொடங்கியது வெறும் 8உடன்.

எண்ணிக்கை கூடினால் ஆட்டம் ஆழமாகும் என்று பலர் நினைக்கிறார்கள்; பெயரும் நிறமும் மட்டும் மாறினால், 40 இருந்தாலும் ஆடுவது ஒரே ஆட்டத்தைத்தான்.