டிபி கிருமி உள்ளே வரும்போது மூச்சுப்பாதையின் உட்சுவர் செல்கள் என்ன செய்கின்றன?

கேள்வி: “டிபி கிருமியை மேக்ரோபேஜ் என்னும் கிருமி விழுங்கும் வெள்ளணு விழுங்கும் என்றுதான் படித்திருக்கிறோம். மூச்சுக்குழாயின் உட்பக்கத்தை மூடியிருக்கும் செல்கள் வெறும் சுவர்தானா?”

வெறும் சுவரே இல்லை. கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறேன். இந்தப் பகுதிக்கு வந்தாலே எனக்கு ஒரு வகுப்பு போதாது.

இந்தச் செல்களை ஆய்வகத்தில் அடியில் ஊட்டத் திரவம், மேலே காற்று என்று வைத்துச் சில வாரம் வளர்த்தால், சிலியா என்னும் நுண்ணிழைகள் முளைத்துவிடும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மேலே படிந்த சளிப்படலம் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். நம் மூச்சுப்பாதையிலும் பெரிய துளிகள் சளியில் ஒட்டி இப்படித்தான் தொண்டைக்கு ஏறுகின்றன. நாம் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். சிகரெட் புகை சிலியாவைக் கெடுக்கிறது. புகைப்பவர்களுக்கு டிபி வரும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் டிபி கிருமி பயணிப்பது 1 முதல் 5 மைக்ரான் அளவுள்ள துளிகளில். அவை சளிக்குத் தப்பி நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை போய்விடும். அங்கே மேக்ரோபேஜ்தான் முதலில் விழுங்குகிறது, சரி. அதே சமயம் பக்கத்தில் இருக்கும் உட்சுவர் செல்கள் டிஃபென்சின், கேத்தலிசிடின் போன்ற கிருமிக்கொல்லிப் பெப்டைடுகளைச் (சிறு புரதத் துண்டுகளை) சுரக்கின்றன. ஐஎல்-8 போன்ற வேதிச் செய்திகளை அனுப்பி ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை வரவழைக்கின்றன.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதற்கு அப்புறம் நடப்பதுதான். இந்த அழைப்பையே கிருமி தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. டிபியின் நெருங்கிய உறவுக் கிருமி ஒன்றை ஸீப்ரா மீன் குஞ்சுகளுக்குள் செலுத்தி டிபி ஆய்வாளர் லலிதா ராமகிருஷ்ணன் குழு செய்த ஆய்வு 2010இல் வெளியானது. கிருமியின் ஈசாட்-6 என்ற புரதம், பக்கத்து எபிதீலியச் செல்களை (உட்சுவர் செல்களைப் போன்ற மூடுபடலச் செல்களை) எம்எம்பி-9 என்ற நொதியைச் சுரக்க வைத்தது. அதனால் புதிது புதிதாக மேக்ரோபேஜ்கள் வந்து சேர்ந்தன. வந்தவற்றுக்குள்ளும் கிருமி புகுந்து பெருகியது. அந்த நொதியைத் தடுத்தபோது மேக்ரோபேஜ் கட்டிகளும் குறைந்தன, கிருமியும் குறைந்தது. டிபிக்கான பிசிஜி தடுப்பூசியில் இருக்கும் வலுவிழந்த கிருமியில் ஈசாட்-6 இல்லை என்பதை இங்கே சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

மனிதச் செல்களில் இன்னொன்றும் தெரிந்தது. கிருமி தொடாத எபிதீலியச் செல்கள்கூட, கிருமி புகுந்த மோனோசைட்டுகள் (ஒரு வகை வெள்ளணுக்கள்) சுரந்த திரவம் பட்டாலே எம்எம்பி நொதிகளை அதிகம் சுரக்கின்றன. இந்த வகை நொதிகளில் எம்எம்பி-1, திசுவைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதத்தை அறுக்கும். நுரையீரல் திசு அரிக்கப்பட்டுக் குழி விழுவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. குழி மூச்சுக்குழாயோடு இணைந்துவிட்டால் ஒவ்வொரு இருமலிலும் கிருமி வெளியே வரும். நம் செல்கள் தற்காப்புக்காகச் செய்வது, அடுத்தவருக்கு நோய் பரவ வழி திறந்துவிடுகிறது.

இந்த நொதிகளைக் கட்டுப்படுத்தும் குணம் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்துக்கு உண்டு. வழக்கமான டிபி மருந்துகளோடு 14 நாள் அதையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வு 2021இல் சிங்கப்பூரிலிருந்து வந்தது, நொதிகள் குறைந்தன. நோயாளிகளின் நுரையீரல் சேதம் இதனால் குறையுமா என்பதற்குப் பெரிய ஆய்வுகள் வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் டாக்ஸிசைக்ளின் வாங்கிப் போட வேண்டாம். டிபி இருப்பவர்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை, இருமல் நின்றாலும், அவர் சொன்ன கடைசி நாள் வரை சாப்பிடுங்கள்.